அம்மாவைத் திருப்பிச் சொல்லவைத்த மெடிக்கல்

அம்மாவுக்கு 68 வயது, ஆஸ்துமா. டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரை முதலில் வேறொரு கடையில் வாங்கினோம். அட்டைப்பெட்டி மேல் 2-0-2 என்று பேனாவால் கிறுக்கிவிட்டு, "புரிஞ்சுதாம்மா?" என்றார்கள். அம்மாவும் தலையாட்டினார். ஒரு மாதமாகியும் ராத்திரி இளைப்பு குறையவில்லை.

அடுத்ததை எங்கள் தெருமுனை மெடிக்கலில் வாங்கினோம். அங்கே இருக்கும் பார்மசிஸ்ட் தம்பி எடுத்தவுடனே எதையும் விளக்கவில்லை. மருந்தில்லாத மாதிரி இன்ஹேலர் ஒன்றைக் கையில் கொடுத்து, "எப்படி இழுப்பீங்கன்னு செஞ்சு காட்டுங்கம்மா" என்றார். அம்மா முதலில் அழுத்தினார், அப்புறம்தான் மூச்சை இழுத்தார். உதட்டோரம் புகை மாதிரி வெளியே போனது. ஒரு மாத மருந்தும் இப்படித்தான் போயிருக்கிறது!

முழு மூச்சையும் விட்டுவிட்டு, இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, "இப்ப நீங்க எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றார். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. அதோடு விடவில்லை. இழுத்து முடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, அதற்கும் காரணம் கேட்டார். "எதுக்கு வாய் கொப்பளிக்கணும்?"

"கசக்கும்னுதானே தம்பி?"

"இல்லம்மா, இது ஸ்டீராய்டு. வாயில தங்குனா வெள்ளையா பூஞ்சை படியும்."

நான் பி.எட். படித்தபோது கார்டன் பாஸ்க் என்ற பிரிட்டிஷ் சைபர்நெடிக்ஸ் (தகவல் பரிமாற்றம், கட்டுப்பாடு பற்றிய துறை) அறிஞரைப் பற்றிப் படித்திருக்கிறேன். 1970களில் உரையாடல் கோட்பாட்டை உருவாக்கியவர். கேட்டவர் அது எப்படி, ஏன் என்ற இரண்டையும் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், இருவரின் விளக்கமும் ஒத்துவரும்வரை பேச்சு போய்வர வேண்டும் என்பார். தலையாட்டல் அவர் கணக்கில் சேராது. பாடமாக எழுதித் தேர்வானேன். கவுன்ட்டர் முன்னால் அம்மா திணறியதைப் பார்த்தபோது அதன் அருமை உறைத்தது.

ஒரு குறை. ஓர் ஆளுக்குக் கால் மணி நேரம்கூட ஆகிறது. சாயங்காலம் போனால் வரிசை வாசலைத் தாண்டும். காலையில் போங்கள்.

அன்று வாய் கொப்பளிக்கும் காரணம் தெரிந்ததும் அம்மா, "அப்ப பல் தேய்க்கிறதுக்கு முன்னாடியே இழுத்துக்கிறேன், எப்படியும் கொப்பளிக்கத்தானே போறேன்" என்றார். "இது எனக்குத் தோணலையேம்மா" என்றார் அந்தத் தம்பி.

போன வாரம் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். ஒரு பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்ஹேலரை பிரஷ் பக்கத்துலயே வச்சுக்குங்கய்யா. ஏன்னு நீங்களே சொல்லுங்க பார்ப்போம்."