மொரீஷியஸில் ஹாஃப் போர்டு: ஜோடியாகப் போகிறவர்களுக்கு

விமான டிக்கெட் விலை இறங்கியதும் புதிதாகக் கல்யாணமானவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "மொரீஷியஸுக்கு ஹாஃப் போர்டு பேக்கேஜ் கிடைக்குது, போட்டுடலாமா?" விசா, ஹோட்டல் நட்சத்திரம், எந்தக் கடற்கரை அழகு என்பதையெல்லாம் ஏற்கெனவே பார்த்து வைத்திருப்பீர்கள். அறை வாடகையோடு காலை, இரவுச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டும் அந்த ஏற்பாட்டைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறோம். அதை எடுத்தும் தங்கியாயிற்று, எடுக்காமலும் தங்கியாயிற்று. எடுக்காதீர்கள்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. மொரீஷியஸின் நல்ல சாப்பாடு பகலில், தெருவில் கிடைப்பது. தால் பூரிக்காரர் காலையில் கடை போடுவார், சரக்கு தீர்ந்ததும் கிளம்பிவிடுவார். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் பல இடங்களில் காலிப் பாத்திரம்தான். ஹோட்டலிலோ காலைச் சாப்பாடு ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை நடக்கும். காசு கட்டிவிட்டோமே என்று குரோசான், ஆம்லெட், பழத்தட்டு என நிறைத்துக்கொண்டால் ஒரு மணி வரை பசிக்காது. பசி எடுக்கும்போது தெரு ஓய்ந்திருக்கும். சாயங்காலம் ஆனால் அடுத்த அவசரம்: கட்டிய இரவுச் சாப்பாடு போய்விடும், எங்கிருந்தாலும் திரும்பு. சாப்பிடாத இரவுக்குப் பணம் திரும்பி வராது. ஊர்ப்புறப் பேருந்துகளும் ஆறரை வாக்கில் நின்றுவிடுகின்றன.

தால் பூரியைச் சரியான கடையில் சாப்பிட்ட பிறகுதான் இதில் எவ்வளவு இழக்கிறோம் என்பது புரியும். பேரைக் கேட்டு, எண்ணெயில் உப்பிய பூரியை நினைக்க வேண்டாம். கடலைப்பருப்பை மஞ்சள் போட்டு வேகவைத்து, தண்ணீரை வடித்து, உதிரியாக அரைத்து, மைதா உருண்டைக்குள் வைத்து, போளியைவிட மெல்லிசாகத் தேய்த்துக் கல்லில் சுடுவார்கள். வடித்த பருப்புத் தண்ணீரிலேயே மாவு பிசைவதும் உண்டு. பருப்பு விரலில் நசுங்க வேண்டும், ஆனால் குழையக்கூடாது. குழைந்தால் ஈரம் நின்று, தேய்க்கும்போது மேல்மாவு கிழிந்துவிடும். நல்ல பூரியை ஓரத்தில் கடித்தாலும் பருப்பு வரும், சுருட்டினாலும் விரியாது. இரண்டு சேர்த்து ஒரு ஜோடி என்றுதான் விற்பார்கள். உள்ளே மொச்சையைவிடப் பெரிய வெள்ளைப் பயற்றுக் கறி, தைம் இலை போட்டு வதக்கிய தக்காளி ருகாய், கொத்தமல்லிச் சட்னி, கேட்டால் அரைத்த மிளகாய். அந்த மிளகாயை முதல் தடவை தனியாக வாங்கித் தொட்டுப் பாருங்கள், நம் பச்சைமிளகாயைவிடக் காட்டமாக இருக்கும்.

காகிதத்தில் சுருட்டித் தருவதை அங்கேயே நின்று சாப்பிட்டு முடிக்க வேண்டும். பையில் வைத்தால் கறி ஊறி அடி கிழியும், ஆறினால் விறைக்கும். ஹோட்டல்கள் "மொரீஷியன் இரவு" என்று வாரம் ஒருநாள் வைக்கும் தால் பூரி தேறாததற்கும் இதுதான் காரணம். சமையல்காரருக்குக் கைத்திறன் குறைவு என்று சொல்ல முடியாது. சூடுகாட்டும் தட்டில் அரை மணி நேரம் கிடந்தால் எந்தப் பூரிக்கும் அதே கதிதான்.

ரோஸ் ஹில் இதற்குப் பேர்போன ஊர். தலைநகர் போர்ட் லூயியிலிருந்து மெட்ரோவில் நேராகப் போகலாம். போர்ட் லூயி மத்தியச் சந்தையில் அலுடா குடியுங்கள்: பால், சப்ஜா விதை, கடற்பாசி ஜெல்லி, வாசனைக்கு வெனிலா. பருப்பு வடையின் உறவான காத்தோ பிமானை ரொட்டியில் வெண்ணெய் தடவி வைத்துக் காலையிலேயே சாப்பிடுகிறார்கள். சௌசௌவைத் துருவி உருட்டி ஆவியில் வேகவைத்து, சூப்பில் போட்டுத் தரும் புலெத்தும் தவறவிடக்கூடாதது. மாஹேபோர் சந்தை திங்கட்கிழமை. ஃப்ளாக் சந்தை புதனும் ஞாயிறும். பச்சைக் காய்கறிக் குவியலுக்கு நடுவே காலை ஒன்பது மணிக்கு நிற்பது அந்தத் தீவின் மிகப் பெரிய சந்தோஷங்களில் ஒன்று. ரிசார்ட்டில் அந்த நேரத்துக்கு முட்டைக்காக வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

தெருக் கடைகளுக்கு 25, 50 மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டுகளில் தமிழ் எழுத்து இருக்கும். 1998இல் வந்த புது நோட்டுகளில் இந்தி தமிழுக்கு முன்னால் வந்துவிட்டது. தமிழர்கள் எதிர்த்ததும் அவற்றைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டார்கள். அங்குள்ள தமிழர் வீடுகளில் பெரும்பாலும் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான், ஆனாலும் தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை. வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிச் சாப்பாட்டை அந்த நாட்களில் கோயிலில் சாப்பிட வேண்டும்: பலாக்காய், வாழைக்காய், பூசணி, கீரை, ரசம், பாயசம். எந்த பஃபேயிலும் கிடைக்காதது அது. தை மாதத்தில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஜனவரி முதல் மார்ச் வரை புயல் உச்சத்தில் இருக்கும் காலம். பயணக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள்.

ஹோட்டலில் நடத்தும் செகா ஆட்டத்துக்கும் தால் பூரியின் கதிதான். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் இசை அது, 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆட்டுத்தோல் கட்டிய ராவான் பறையைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றித்தான் அடிக்க வேண்டும். சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே ஒலிபெருக்கி வைத்து நடத்தும்போது அந்தத் தோலின் ஒலி காதுக்கு வருவதே இல்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பணக் கணக்கில் ஹாஃப் போர்டு பல சமயம் லாபம். வடக்கே கிராண்ட் பேயில் இருவர் உணவகத்தில் சாப்பிட்டு, இரவு டாக்சியில் திரும்பினால் பேக்கேஜ் வித்தியாசத்தைத் தாண்டிவிடும். ஹோட்டல் மீன் புதுசு. கடுகும் மஞ்சளும் வினிகரும் சேர்ந்த மீன் விந்தாய் சில இடங்களில் அபாரம். சைவக்காரர்களுக்குத் தனியாகப் பெயரட்டை வைக்கிறார்கள். தென்மேற்கு மூலையிலுள்ள லெ மோர்னில் தங்கினால் நடந்துபோகும் தூரத்தில் வேறு சாப்பாடு கிடைப்பது கஷ்டம், அங்கே எடுத்துத்தான் ஆக வேண்டும். குடிக்கும் தண்ணீருக்குக்கூட இரவில் தனி பில் வரலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விலை இறங்குவதற்கும் காரணம் உண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அங்கே குளிர்காலம், தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையை அறைந்துகொண்டே இருக்கும். அந்த மாதங்களில் அந்தக் கரையிலுள்ள பெல் மாரில் மலிவாகக் கிடைக்கும் அறையில் மணல் கண்ணில் விழும். ஜூலையில் மாலை ஆறுக்குள் சூரியனும் மறைந்துவிடும். மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கும் வடமேற்கே த்ரூ ஓ பிஷ்ஷும் காற்றுக்கு மறைவு. அங்கே சின்ன அடுப்பு உள்ள ஸ்டூடியோ அறையாக எடுங்கள். கடற்கரையோரம் உணவு வண்டிகள் நிற்கும், நூடுல்ஸ் வறுவலோடு இரவு முடிந்துவிடும், டாக்சி தேவைப்படாது.

மதிப்பெண் கேட்டால், ஹோட்டல் சமையலுக்கு ஐந்துக்கு நான்கு, ஹாஃப் போர்டுக்கு ஒன்று. லாபம் என்று மேலே நாங்களே எழுதியிருக்கிறோம், அது உண்மைதான். அப்படியும் ஒன்றுக்கு மேல் போட மனம் வரவில்லை.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் கிளம்பும் முன்பே ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இரவுச் சாப்பாட்டைச் சில நாட்கள் மதியத்துக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். சில இடங்களில் மாற்றித் தருகிறார்கள், ஆனால் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்றித் தராவிட்டால் ஹோட்டலில் காலையில் டீயும் ஒரு துண்டு பழமும் போதும் என்று எழுந்துவிடுங்கள். பத்தரைக்குள் ரோஸ் ஹில்லில் இருக்க வேண்டும்.