சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சி: வந்த பெண் அருமை, ஆபீஸ் சரியில்லை

பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துபோன என் அத்தையை (கணவரின் அம்மா) பகலில் பார்த்துக்கொள்ள தென் ஆப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஒரு ஏஜென்சி மூலம் ஆள் வைத்திருக்கிறோம். இதே தேடலில் இருக்கும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே பல உண்டு, அதனால் எழுதுகிறேன். அவர்கள் முதலில் அனுப்பிய பெண்ணுக்கு எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் கொடுப்பேன். ஆனால் அவர் லீவு போட்டால், மாற்றாக வருபவரை நம்பி வீட்டைவிட்டு வெளியே போக முடியாது.

வழக்கமாக வருபவர் சூலு பெண், உம்லாசியிலிருந்து டாக்ஸி மாறி விடிகாலையில் வந்துவிடுவார். நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அத்தையை ஆயா என்றே கூப்பிட ஆரம்பித்தார். அத்தைக்குப் பேச்சு குழறிவிட்டது, இங்கிலீஷ் வருவதில்லை, சின்ன வயதில் பேசிய தமிழில்தான் எதையும் கேட்கிறார். தண்ணி, வலி, போதும், பாத்ரூம் என்று தேவையானதையெல்லாம் எங்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார் அந்தப் பெண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார். குதிகால், இடுப்பு, வால் எலும்பு எல்லாம் பார்த்து, சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் நிறம் மாறாவிட்டால் உடனே சொல்வார், படுக்கைப் புண் அப்படித்தான் தொடங்குமாம். கரண்ட் போனால் காற்று மெத்தையின் மோட்டார் நின்று மெத்தை இறங்கிவிடும், அந்த நேரத்தில் இன்னும் அடிக்கடி திருப்ப வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எல்லாம் நேரம் போட்டு நோட்டில் இருக்கும்.

சாப்பாடுதான் எங்கள் வீட்டில் பெரிய விஷயம். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு விழுங்கும் தசை சரியாக வேலை செய்யாது. தண்ணீர், டீ மாதிரி மெல்லிசான எதுவும் உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் நிமோனியா ஆகிவிடலாம். அதனால் ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: எந்தப் பானமானாலும் கெட்டியாக்கும் பவுடர் கலக்க வேண்டும், நேராக உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இது எல்லாம் ஏஜென்சி எங்களிடம் நிரப்பி வாங்கிய ஃபார்மில் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை வேறு ஒரு பெண் வந்தார். சின்ன வயது, பொறுமையான முகம். நான் அடுப்படியில் இருந்தேன், நோட்டையும் பவுடரையும் எடுத்துக் காட்டுவதற்குள், அத்தை கேட்டார் என்று சாய்ந்து படுத்திருந்தவருக்கே வெறும் டீயைக் கொடுத்துவிட்டார். இருமல் என்றால் சாதாரண இருமல் இல்லை, முகம் கறுத்துவிட்டது. என் கணவர் ஓடிவந்து தூக்கி உட்கார வைத்தார். மறுநாள் டாக்டர் நெஞ்சைப் பரிசோதித்துத் தொற்று எதுவும் இல்லை என்று சொல்லும் வரை எங்களுக்கு உயிரே இல்லை.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. காலையில் போன் செய்து, "வயசான அம்மா, ஸ்ட்ரோக்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஃபார்மை அவர் கண்ணிலேயே காட்டவில்லை. ஆபீசுக்குப் போன் செய்தால், நாங்கள் அனுப்புவதெல்லாம் தகுதி பெற்ற நர்ஸ்கள் என்று ஒரே பாட்டு. சரி என்று தென் ஆப்பிரிக்க நர்சிங் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் தேடினேன். யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், எந்த வகை நர்ஸ், இந்த வருடச் சான்றிதழ் உண்டா என்பது வந்துவிடும். மாற்றாக வந்த பெண்ணின் பெயர் இல்லை. கேரர் (நர்ஸ் இல்லாத பராமரிப்பாளர்) வேலைக்கு அந்தப் பதிவு தேவையில்லைதான், வழக்கமாக வருபவரும் அதில் இல்லை. ஆனால் கேரரை அனுப்பிவிட்டு நர்ஸ் என்று சொல்வது ஏமாற்று வேலை, நாளைக்கு இன்சுலின் ஊசி போடச் சொல்லி ஒரு குடும்பம் அவரை நம்பினால் என்ன ஆகும்?

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 2006-இல் இயற்றி 2010-இல் அமலுக்கு வந்த முதியோர் சட்டத்தின்படி வீட்டுக்கு வந்து செய்யும் பராமரிப்புச் சேவையும் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதியவர்களைக் கொடுமைப்படுத்தியவர்களின் பட்டியல் ஒன்றும் சமூக மேம்பாட்டுத் துறையிடம் உண்டு, அதில் பெயர் இருப்பவரை இந்த வேலைக்கு வைக்கக் கூடாது. பதிவுச் சான்றிதழையும், மாற்று ஆளின் போலீஸ் கிளியரன்ஸையும் கேட்டேன். "ஃபைலில் இருக்கிறது" என்றார்கள். அந்த ஃபைல் இன்னும் என் கண்ணில் படவில்லை.

ஏஜென்சியே வேண்டாம், நேரடியாக ஆள் வைத்துக்கொள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். செய்யலாம், ஆனால் அப்போது நாம்தான் முதலாளி. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் யுஐஎஃப் (வேலையில்லாக் காலக் காப்பீட்டு நிதி) கட்ட வேண்டும். 2020-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுத் திட்டமும் வீட்டு வேலையாட்களுக்குப் பொருந்தும், முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். கனமான ஆளைத் தூக்கி இறக்கும் வேலை என்பதால் முதுகு பிடித்துக்கொள்வது சகஜம், இதைத் தட்டிக்கழிப்பது நியாயம் இல்லை. காசும் சும்மா இல்லை. 2025 மார்ச்சில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட். முதியோர் உதவித்தொகை வாங்குபவருக்கு முழுநேரத் துணை தேவைப்பட்டால் சாசா (அரசின் சமூக உதவித்தொகை அமைப்பு) கூடுதலாகத் தரும் தொகை அதே வருடம் 560 ரேண்ட், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் இரண்டுக்குக்கூட அது போதாது. இருந்தாலும் விண்ணப்பித்துவிடுங்கள், அப்படி ஒன்று இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

வழக்கமான பெண்ணுக்காக மட்டும்தான் இந்த ஏஜென்சியில் தொடர்கிறோம். மாற்று ஆள் வருவதாக இருந்தால் முந்தின நாளே வந்து, வழக்கமான பெண் வேலை செய்வதைக் கூட இருந்து பார்க்க வேண்டும், அந்த நேரத்துக்கும் மாற்று ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை, அதுவரை வழக்கமான பெண் லீவு எடுக்கும் நாளில் என் கணவரோ நானோ வேலைக்குப் போவதில்லை. பீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் மாற்று ஆளை இப்படி முன்கூட்டியே அனுப்பிக் காட்டும் ஏஜென்சி எதையாவது நீங்கள் பயன்படுத்தியிருந்தால் கீழே எழுதுங்கள்.