ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஆறு வருஷம்: வடசென்னைத் தெருக்களுக்குப் பெயர் எழுதிய அனுபவம்

நான் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலையில் இருக்கிறேன். வியாசர்பாடி, எருக்கஞ்சேரி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, சில நாள் திருவொற்றியூர் வரைக்கும். காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தால் ஒன்பதுக்குள் ஏழெட்டு வீடு முடிக்க வேண்டும். எல்லாரும் வெறும் வயிற்றில் காத்திருப்பவர்கள், அதில் பாதிப் பேர் சர்க்கரை உள்ள வயதானவர்கள். நான் ஒரு தெருவைத் தேடி இருபது நிமிஷம் சுற்றினால், அந்த இருபது நிமிஷமும் ஒரு பெரியவர் ஒரு வாய் காபி குடிக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

2019ல் ஒருநாள் பாரதியார் தெரு என்று முகவரி வந்தது. போனில் இருந்த மேப்பைப் பார்த்துக்கொண்டே போனேன், அது கொண்டுபோய் விட்டது வேறொரு பாரதியார் தெரு. கதவு எண்ணும் பொருந்தியது, அதனால் தட்டியும் விட்டேன், அந்த வீட்டுக்காரம்மா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து முழித்தார். அங்கிருந்து திரும்பி, நாலு பேரைக் கேட்டு, சரியான வீட்டுக்குப் போனபோது எட்டே முக்கால். ஐயாவுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் கோபப்படவில்லை, "மாவு மில் சந்துன்னு கேட்டிருந்தா சின்னப் புள்ளகூட இட்டுகினு வந்து வுட்டிருக்குமே மா" என்றுதான் சொன்னார். அந்தச் சந்தில் மாவு மில் இல்லை. எப்போதோ மூடிவிட்டார்கள், இப்போது அங்கே செல்போன் ரிப்பேர் கடை. ஆனாலும் அது மாவு மில் சந்துதான்.

ஒரே பெயர் இத்தனை இடத்தில் ஏன் என்று பிறகுதான் புரிந்தது. 2011ல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 176 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் அதுவரை தனித்தனி நகராட்சி. ஒவ்வொன்றிலும் ஒரு காந்தி தெரு, ஒரு பாரதியார் தெரு, ஒரு பிள்ளையார் கோயில் தெரு இருந்தது. சேர்ந்தபோது எல்லாம் ஒரே ஊருக்குள் வந்துவிட்டன. இன்றைக்கும் எனக்கு முகவரி வந்தால் முதலில் பின்கோடைத்தான் பார்ப்பேன். 600039 என்றால் வியாசர்பாடிப் பக்கம், 600118 என்றால் கொடுங்கையூர், 600081 என்றால் தண்டையார்பேட்டை. தெருப் பெயரை நம்புவது அதற்கப்புறம்தான்.

அன்று இரவே, மேப்பில் பெயரை நாமே எழுத முடியுமா என்று தேடினேன். அப்படித்தான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கிடைத்தது. 2004ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் கணக்கு வைத்துத் திருத்தலாம், அதில் இருக்கும் தகவலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். விக்கிபீடியா மாதிரி, ஆனால் வரைபடம். நான் முதலில் திறந்து பார்த்தபோது நான் போய்வரும் பகுதிகளில் தெருக்கள் பெரும்பாலும் கோடுகளாக இருந்தன, பெயர் இல்லை. எங்கேயோ உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து யாரோ பொறுமையாக வரைந்திருக்கிறார்கள், அவர்களுக்கு என் நன்றி. ஆனால் மேலே இருந்து பார்த்தால் கூரைதான் தெரியும். பெயருக்குத் தெருவில் இறங்கியாக வேண்டும்.

எதில் எழுதுகிறேன் என்று நிறையப் பேர் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். வெளியில் இருக்கும்போது ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலி. நாம் நிற்கும் இடத்தில் எந்தத் தெருவுக்குப் பெயர் இல்லையோ அங்கே ஒரு குறி காட்டும், தொட்டால் "இந்தத் தெருவின் பெயர் என்ன" என்று கேட்கும், பலகையைப் பார்த்து ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதலாம். இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் மூன்று நிமிஷத்தில் முடிகிற வேலை. ஒரு குறை, ஏற்கெனவே பெயர் இருந்தால் அது கேட்காது, அந்தப் பெயர் தப்பாக இருந்தாலும் கேட்காது. தப்பைக் கண்டுபிடிக்க நம் கண்தான். பெரிய வேலைகளை ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில், அந்தத் தளத்திலேயே இருக்கும் ஐடி எடிட்டரில் செய்கிறேன். வழி பார்க்க ஆர்கானிக் மேப்ஸ், அது நெட் இல்லாமலும் வேலை செய்யும். நாம் எழுதிய பெயர் அதில் உடனே வராது, அவர்கள் புது மேப்பை வெளியிட்டு நாம் இறக்கிய பிறகுதான் வரும். முதல் தடவை எழுதுபவர்கள் இதனால் மனம் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள், கொஞ்சம் காத்திருங்கள்.

இன்னொரு மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதவே கூடாது. உரிமம் சம்பந்தப்பட்ட விஷயம் இது, ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணம், அங்கே இருக்கும் தப்பு இங்கேயும் வந்து உட்கார்ந்துவிடும், பிறகு இரண்டு மேப்பும் ஒரே தப்பைச் சொன்னால் தெருக்காரர் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ஒரு தெருவுக்கு ஒரே பெயர் என்று நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தால் இரண்டாவது நாளே மாட்டிக்கொள்வீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பெயருக்குப் பல பெட்டிகள் உண்டு. 'நேம்' என்பது பலகையில் இருக்கும் முதன்மைப் பெயர், சென்னையில் அது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது. தமிழுக்குத் தனிப் பெட்டி. 'ஆல்ட் நேம்' என்றால் இன்னொரு பெயர், 'ஓல்ட் நேம்' என்றால் பழைய பெயர், 'லோக் நேம்' என்றால் அந்த இடத்துக்காரர்கள் வாயில் புழங்கும் பெயர். மாவு மில் சந்தை நான் எழுதியது அந்தக் கடைசிப் பெட்டியில். அந்தத் தளத்தின் தேடல் இந்தப் பெட்டிகள் எல்லாவற்றையும் பார்க்கும், எல்லாச் செயலிகளும் அப்படிப் பார்ப்பதில்லை என்பது ஒரு வருத்தம்.

எம்.கே.பி. நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். மகாகவி பாரதி நகர் என்பதுதான் அது. ஆட்டோக்காரரிடம் மகாகவி பாரதி நகர் என்று சொன்னால் ஒரு நொடி யோசிப்பார். சுருக்கத்தை முதன்மைப் பெயரில் போடக் கூடாது, விரித்து எழுத வேண்டும் என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வழக்கம், அது சரிதான், ஆனால் எம்.கே.பி. என்பதை எங்கேயாவது ஒரு பெட்டியில் போடாமல் விட்டால் அந்த மேப் எங்கள் ஆட்களுக்கு உதவாது. கொடுங்கையூர்ப் பக்கம் கவியரசு கண்ணதாசன் நகருக்கும் இதே கதை.

மக்கள் வாய் ஒரு பெயரை என்ன செய்யும் என்பதற்குக் காலடிப்பேட்டையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் அது. காலெட் பேட்டை. அந்த ஆள் யார் என்று தெரியாத தலைமுறைகள் சொல்லிச் சொல்லிக் காலடிப்பேட்டை ஆக்கிவிட்டார்கள், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபோது ஸ்டேஷனுக்கும் அந்தப் பெயர்தான். முந்நூறு வருஷம் அங்கே வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் அது, அதுதான் சரியான பெயர்.

2020 ஜூனில் ஒரு விஷயம் நடந்தது. ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று 1018 பெயர்களுக்கு அரசாணை வந்தது. 'டோண்டியார்பெட்' போய் 'தண்டையார்பேட்டை' என்றே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். எனக்கு அவ்வளவு சந்தோஷம், அன்று ராத்திரியே உட்கார்ந்து மாற்ற ஆரம்பித்துவிட்டேன். நாலைந்து பெயர் மாற்றியதும் அனுபவமுள்ள ஒருவர் என் திருத்தத்தின் கீழே எழுதினார்: பலகை மாறட்டும், மக்கள் எழுதுவது மாறட்டும், அப்புறம் மாற்றுவோம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சில நாளிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது, நான் மாற்றியதையெல்லாம் நானே பழையபடி ஆக்கினேன். அதிலிருந்து நேரில் பார்க்காத எதையும் எழுதுவதில்லை.

பலகை என்று சொன்னேன், அதுவும் எளிதில்லை. போஸ்டர் ஒட்டி மூடியிருக்கும், லாரி இடித்துச் சாய்ந்திருக்கும், சில பலகையில் 2011க்கு முந்தைய வார்டு எண் அப்படியே இருக்கும். தமிழில் ஒரு பெயரும் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டலும் இருக்கும். 1970களின் கடைசியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயரிலிருந்து சாதிப் பின்னொட்டை எடுக்கச் சொன்னதால், பலகையில் பாதிப் பெயரும் வீட்டுப் பத்திரத்தில் முழுப் பெயரும் உள்ள தெருக்களும் உண்டு. நான் பலகையில் உள்ளதையே முதன்மையாக எழுதுவேன். பத்திரப் பெயரைப் பழைய பெயர்ப் பெட்டியைத் தாண்டி வரவிட மாட்டேன்.

அதே மாதிரி, ஊரார் சொல்கிறார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றவும் மாட்டேன். வெளியில் இருந்து டெலிவரிக்கு வருகிறவர்கள் சில குடியிருப்புகளுக்கு ஒரு கேவலமான பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். அங்கே குடியிருக்கும் ஒருவர்கூட அதைச் சொல்ல மாட்டார். ஒருமுறை அப்படி ஒரு பெயர் மேப்பிலேயே ஏறியிருந்தது, யார் எழுதினார்களோ, பார்த்ததும் எடுத்துவிட்டுக் காரணத்தையும் எழுதினேன். வியாசர்பாடி என்று முகவரி போட்டால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்து பெரம்பூர் என்று எழுதும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பெயர் இங்கே அவ்வளவு பெரிய விஷயம். அதை முடிவு செய்ய வேண்டியது அங்கே குடியிருப்பவர்தான்.

அடுக்குமாடி விளம்பரங்கள் இதற்கு நேர் எதிர். ஒரு கட்டடக் கம்பெனி பெரம்பூரில் வீடு என்று போட்டிருந்தது, போய் நின்று பார்த்தால் மாதவரம். அந்த வளாகத்துக்கு ஒரு எல்லை வரைந்து, குடியிருப்புப் பகுதி என்று குறித்து, அவர்கள் வாசலில் எழுதியிருக்கும் பெயரை வளாகத்தின் பெயராக மட்டும் போட்டேன். அந்த வட்டாரத்துக்கு அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. சுற்றி இருக்கும் தெருக்களுக்கு அதைவிடப் பழைய பெயர்கள் இருக்கின்றன.

எனக்கு அதிகம் நேரம் பிடிப்பது போர்டு வீடுகள்தான். ஹவுசிங் போர்டு, குடிசை மாற்று இரண்டையும் எங்கள் பக்கம் ஹவுசிங் போர்டு என்றே சொல்வார்கள். குடிசை மாற்று வாரியத்துக்கு 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள், பேச்சில் யாரும் மாற்றவில்லை. இங்கே தெருப் பெயரால் பிரயோஜனம் குறைவு. எந்த பிளாக், எந்தப் படிக்கட்டு, எத்தனாவது மாடி, அதுதான் வேண்டும். பொதுவான மேப்புகளில் மொத்த வளாகத்துக்கும் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு கட்டடத்தையும் தனியாக வரைந்து, பிளாக் எண்ணை எழுதி, படிக்கட்டு இருக்கும் பக்கத்தில் நுழைவாயில் புள்ளி வைக்கலாம். நான் ஒரு வளாகத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டேன். சுவரில் பெயின்ட் அடித்த எண் பாதி உதிர்ந்திருக்கும், அப்போது கீழே தண்ணிக் குடத்தோடு நிற்கும் அக்காக்களைக் கேட்பேன். அவர்கள் சொல்வதை இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுவேன்.

அந்த வேலையின் அருமை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெரிந்தது. வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் எல்லாம் தண்ணீரில் நின்றன. மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. பால் பாக்கெட்டும் மாத்திரையும் கொண்டு வந்த பையன்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள் இல்லை. நெட் இல்லாமல் வேலை செய்யும் மேப்பை அவர்கள் போனில் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார்கள், அதில் பிளாக் எண் இருந்தது. 2015 வெள்ளத்தில் இதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்து, தண்ணீர் தேங்கிய தெருக்களை மக்களே குறிக்கும் வரைபடம் ஒன்று வந்ததாக அப்போதுதான் அவர்களில் ஒருவர் சொன்னார்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. தமிழில் தேடினால், தமிழ்ப் பெட்டியை யாராவது நிரப்பியிருந்தால்தான் கிடைக்கும், நிறையத் தெருக்களுக்கு அது இன்னும் காலி. கைவைக்கும் ஆட்கள் இங்கே குறைவு, அதனால் ஒரு தப்பு ஏறினால் வருஷக்கணக்கில் கிடக்கும். எண்ணூர் நெடுஞ்சாலைக்கு உள்ளே போகும் சந்துகள் பலவற்றுக்கு இன்னமும் பெயர் இல்லை, என் வேலை அந்தப் பக்கம் அடிக்கடி போவதில்லை. அங்கே இருப்பவர்கள் செயலியை இறக்கி உங்கள் சந்தை மட்டும் எழுதினால் போதும், பத்து நிமிஷ வேலை.

போன மாதம் ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுக்கப் போனேன். அவர்கள் இருந்த பழைய போர்டு கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள், அதுவரை வாடகை வீடு. நான் மூன்று ஞாயிறு நடந்து எழுதினேனே, அதே வளாகம். போனில் அந்த இடத்தைக் காட்டினேன். கட்டுமானப் பகுதி என்று மாற்றியிருக்கிறேன், பெயரை எடுக்கவில்லை. "எங்க பிளாக்கு கீதா மா அதுல?" என்று கேட்டார். பழைய எண்ணைப் பழைய பெயராக வைத்திருக்கிறேன் என்றேன். புதுக் கட்டடத்தில் எண் மாறிவிடுமாம், எப்படி என்று இன்னும் யாரும் சொல்லவில்லையாம். சுவரில் பெயின்ட் அடித்ததும் போன் பண்ணுகிறேன், வந்து எழுதிக்கோ என்று என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.