சிறிய துறையா, பெரிய வளாகமா? பெங்களூரில் வானியல் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு

என் தங்கை மகள் மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஜெஸ்ட் என்ற முனைவர் பட்ட நுழைவுத் தேர்வும் எழுதிவிட்டு, மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தாள். "பெரிய இடத்தில் சேர்ந்தால்தானே மாமா மதிப்பு?" என்று கேட்டாள். ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் பலரும் கேட்கும் கேள்வி என்பதால், அவளுக்குச் சொன்னதை விரித்து எழுதுகிறேன்.

பெரிய இடம் என்று அவள் சொன்னது இந்திய அறிவியல் கழகத்தை. அங்கே சர் சி. வி. ராமன் 1933-இல் தொடங்கிய இயற்பியல் துறை, இன்று பல கிளைகள் விரிந்த ஆலமரம். வானியலில் நாட்டமுள்ளவர்களுக்கு 1982 முதல் கூட்டு வானியல் திட்டமும் இருக்கிறது. முதலில் பாடங்கள், பிறகு அங்கேயோ கூட்டு நிறுவனம் ஒன்றிலோ வழிகாட்டியைத் தேடிக்கொள்ளலாம். எதில் இறங்குவது என்று மனம் இன்னும் தெளியாதவர் கண்ணை மூடிக்கொண்டு இங்கே சேரலாம். ஓராண்டு கழித்து மனம் மாறினாலும் பக்கத்து அறையில் வேறொரு துறை நிபுணர் இருப்பார்.

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ராமன் ஆராய்ச்சி நிறுவனம். ராமனே 1948-இல் தொடங்கியது. வானியல், ஒளியும் பருப்பொருளும், மென்பருப்பொருள் (திரவப் படிகம், கூழ் போன்றவை), கோட்பாட்டு இயற்பியல் என்று நான்கே பிரிவுகள். ராமனின் உடலை 1970-இல் எரியூட்டிய இடத்தில் ஒரு மரம் மட்டும் நிற்கிறது. தங்கை மகள் அதன் அடியில் வெகுநேரம் பேசாமல் நின்றாள்.

சிறிய இடத்தால் என்ன முடியும் என்பதற்கு அங்கே உருவான சராஸ் என்ற ரேடியோ வானியல் கருவியைச் சொல்வேன். பிரபஞ்சத்தின் முதல் விண்மீன்கள் ஒளிர்ந்த காலத்தின் ரேடியோ தடயம் கிடைத்துவிட்டதாக 2018-இல் அமெரிக்கக் குழு ஒன்று அறிவித்தது. அதைச் சரிபார்க்க ராமன் நிறுவனத்தார் சராஸின் ஆண்டெனாவைக் கர்நாடகத்து ஏரிகளில் மிதக்கவிட்டார்கள். தரை என்றால் கீழே மண், பாறை, ஈரம் என்று அடுக்கடுக்காக இருந்து அளவீட்டைக் கெடுக்கும். ஏரித்தண்ணீர் ஒரே சீராக இருக்கும். அந்தத் தடயம் வானிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை என்று 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட குழுவில் சேரும் மாணவர் சர்க்யூட்டைத் தொட்டு, தரவை அலசி, கட்டுரை எழுதுவதுவரை எல்லாவற்றிலும் கை வைக்கலாம்.

சிறிய இடத்தின் ஆபத்தையும் மறைக்கக்கூடாது. நான் படித்த துறை (பெயர் வேண்டாம்) ஏழெட்டுப் பேராசிரியர்கள் மட்டுமே கொண்டது. மூன்றாம் ஆண்டில் என் வழிகாட்டி வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். என் தலைப்பு தெரிந்த இன்னொருவர் அங்கே இல்லை. புதுத் தலைப்பைப் பிடித்து நிமிர்வதற்குள் இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது.

மூன்றாவது, கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம். வானியல் ஒன்றே தொழில். தொலைநோக்கியில் கண் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி, கொடைக்கானலின் சூரிய ஆய்வகம் எல்லாம் இதன் கீழ்தான். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் தொலைநோக்கியை, பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள்.

உதவித்தொகை மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பணத்தை வைத்து முடிவெடுக்க இதில் ஒன்றுமில்லை. ராமன் நிறுவனத்தில் படித்தால் பட்டம் தருவது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் என்று அவள் அம்மா கவலைப்பட்டாள். இந்தத் துறையில் வேலைக்கு எடுப்பவர்கள் யாரிடம் படித்தாய், என்ன செய்தாய் என்றுதான் பார்க்கிறார்கள் என்று அவளைத் தேற்றினேன்.

அவள் அப்பா, அதாவது என் மைத்துனர், ரேடியோ, டிவி பழுது பார்ப்பவர். பெண் சால்டரிங் அயர்ன் பிடித்து வளர்ந்தவள். அவளுக்கு ராமன் நிறுவனம்தான் என்பது என் முடிவு, ஒரு நிபந்தனையோடு: அவள் விரும்பும் வேலையைத் தெரிந்தவர்கள் அங்கே குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். அன்றிரவே நோட்டில் இரண்டு பெயர்களை எழுதி இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினாள். ஒருவர் மறுநாளே பதில் எழுதிவிட்டார். இன்னொருவருக்காகக் காத்திருக்கிறோம்.