மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை ஏற்றுவதா, பிஜிபவுன்சர் போடுவதா?

சைட்டில் கூட்டம் ஏறியதும் லாகில் ‘டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி’ என்று வர ஆரம்பித்தால், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் முதலில் கை வைப்பது மேக்ஸ் கனெக்‌ஷன்ஸில்தான். ஒரே நேரத்தில் எத்தனை கனெக்‌ஷன் திறந்திருக்கலாம் என்ற வரம்பு அது. டிஃபால்ட் 100, அதிலும் 3 சூப்பர்யூசருக்குப் போய்விடும். ஆப் ஒன்றுதான், 150 இருந்தால் தாராளம் என்றால் ஏற்றிவிடுங்கள், தப்பே இல்லை. ரீலோட் மட்டும் போதாது, ரீஸ்டார்ட் கேட்கும்.

அதே வேகத்தில் 1000 என்று போடுவதுதான் வம்பு. மைஎஸ்கியூஎல்லில் கனெக்‌ஷனுக்கு ஒரு திரெட்; இங்கே ஒவ்வொன்றும் தனி பிராசஸ், அதனால் கனம் அதிகம். போதாக்குறைக்கு, சார்ட்டிங் உள்ள குவெரி ஒவ்வொன்றும் வொர்க் மெம் செட்டிங் அளவு வரை (டிஃபால்ட் 4 எம்பி) மெமரி எடுக்கலாம், சிக்கலான குவெரி அதையே பல மடங்கு எடுக்கலாம். மெமரி தீர்ந்து லினக்ஸ் ஒரே ஒரு பிராசஸைக் கொன்றாலும் போஸ்ட்கிரெஸ் மீதி எல்லாக் கனெக்‌ஷனையும் அறுத்துவிட்டு ரெகவரிக்குப் போய்விடும். சிலருக்கு மட்டும் வந்த எரர் எல்லோருக்கும் வரும்.

பிஜிபவுன்சர் என்ற கனெக்‌ஷன் பூலர் ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் 6432 போர்ட்டில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான கிளையன்ட்டை இருபது முப்பது நிஜ கனெக்‌ஷனில் ஓட்டிவிடும். வெப் சர்வர் இரண்டு மூன்று ஆனதும் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் போட்டதும் வேலை செய்யாது: பூல் மோட் டிஃபால்ட்டாக செஷன் (கிளையன்ட் விலகும்வரை நிஜ கனெக்‌ஷன் அதற்கே), அதை டிரான்சாக்‌ஷன் என்று மாற்றினால்தான் (ஒவ்வொரு டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் கனெக்‌ஷன் அடுத்த கிளையன்ட்டுக்குப் போகும்) பலன். பவுன்சர் ஏற்கும் கிளையன்ட் வரம்பான மேக்ஸ் கிளையன்ட் கான் இங்கேயும் டிஃபால்ட் 100தான், அதை மறந்தால் பழைய முட்டுச்சந்து இடம் மாறி நிற்கும். அப்புறம், டிரான்சாக்‌ஷன் மோடில் லிசன் (டேட்டாபேஸ் அறிவிப்புக்குக் காத்திருப்பது), செஷன் அளவிலான அட்வைசரி லாக் (ஆப் தானே போட்டுக்கொள்ளும் பூட்டு), செஷனுக்கென்று கொடுக்கும் செட் கட்டளை எதையும் நம்ப முடியாது. பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்டும் (முன்கூட்டியே தயார் செய்து வைக்கும் குவெரி) வெகுகாலம் தலைவலியாக இருந்தது, 2023இல் வந்த 1.21 பதிப்பிலிருந்து டிரைவர் புரோட்டோகால் வழியாக அனுப்புவதை மட்டும் சமாளிக்கிறது, எஸ்கியூஎல்லில் எழுதும் பிரிப்பேரை அல்ல.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, அதற்கு முன் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற வியூவில் கனெக்‌ஷன்களை ஸ்டேட் வாரியாக எண்ணிப் பாருங்கள். ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ வரிசையாக நின்றால், டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு கோட் வேறெங்கோ, பெரும்பாலும் ஏதாவது வெளி ஏபிஐ பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்த அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுங்கள், ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் செஷன் டைம்அவுட்டையும் போடுங்கள், ஏனென்றால் அந்த ஓட்டையை இரண்டு வழியும் அடைக்காது.

பவுன்சர் போட்ட பிறகும் மைக்ரேஷனையும் (டேபிள் அமைப்பை மாற்றும் வேலை) பேக்கப்பையும் நேராக போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டுக்கே அனுப்புங்கள்.