வண்டலின் வயது: ரேடியோகார்பனா, ஒளிர்வு முறையா?

ரேடியோகார்பன் முறை, உயிர் இறந்த காலத்திலிருந்து வயதைக் கணக்கிடுகிறது. இறந்தபின் சிதைந்து குறையும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள். ஆகவே ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளக்க எதுவும் மிஞ்சாது. அடுக்கில் கிடைத்த கரித்துண்டை அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவி, எரித்து, கிராஃபைட்டாக மாற்றி அளக்கிறார்கள். மில்லிகிராம் கணக்கில் கரி இருந்தாலே போதும்.

கரியே இல்லாத மணல் அடுக்கு என்றால்? அங்கே ஒளிர்வு முறைதான் கைகொடுக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ் கனிம மணியில் வெயில் பட்டால் பழைய சேமிப்பு அழிந்துவிடும். அது கடைசியாக வெயில் பட்டுப் புதைந்தபின், சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சால் அதன் படிகக் குறைகளில் எலக்ட்ரான்கள் சிக்கிச் சேர்கின்றன. ஆய்வகத்தில் நீல ஒளி பாய்ச்சினால் அவை விடுபட்டு ஒளிரும். சேர்ந்த மொத்தக் கதிர்வீச்சு அளவை ஓர் ஆண்டில் சேரும் அளவால் வகுத்தால் வயது.

சொல்ல எளிது, தயாரிப்புதான் கடினம். ஒளி புகாத குழாயில் மாதிரி எடுக்க வேண்டும், மங்கிய சிவப்பு விளக்கில்தான் திறக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கார்பனேட்டையும், ஹைட்ரஜன் பெராக்சைடு கரிமப் பொருளையும் நீக்கும். பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஃபெல்ட்ஸ்பார் என்ற வேறு கனிமத்தைக் கரைத்து, குவார்ட்ஸ் மணியின் வெளித்தோலையும் அரிக்கும். இந்த அமிலம் உண்மையிலேயே ஆபத்தானது. பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது.

ஒளிர்வு முறையில் 5 முதல் 10 சதவீதப் பிழை சாதாரணம். இளம் அடுக்கில் நல்ல கரி கிடைத்தால் நான் ரேடியோகார்பனையே தேர்வேன். ஆனால் பழைய மரத்தின் கரி, அடுக்கைவிட மூத்த வயதைக் காட்டிவிடும். ஆற்று மணலில் வெயில் சரியாகப் படாத மணிகளும் அதே தவறைச் செய்யும். சந்தேகம் வந்தால் இரண்டையும் செய்து பாருங்கள்.