சீ ஆஃப் தீவ்ஸ்: எத்தனை பேர் இருக்கிறீர்களோ, அதற்கேற்ற கப்பல்

2018-ல் வந்த இந்தக் கடற்கொள்ளையர் வீடியோ கேமில் சிறியது ஸ்லூப், நடுத்தரம் பிரிகன்டைன், பெரியது கேலியன் என்று மூன்று வகைக் கப்பல்கள். எதையும் வலுவாக்க வழியே கிடையாது. கப்பலை மாற்ற வாங்குவதெல்லாம் அலங்காரம்தான். எந்தக் கப்பல் சுட்டாலும் அதே குண்டு, எதில் ஓட்டை விழுந்தாலும் அடைக்க அதே பலகை. கேலியனில் எட்டு பீரங்கி இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், முதலில் ஆட்களை எண்ணுங்கள்.

ஸ்லூப்பில் அதிகபட்சம் இரண்டு பேர், ஒரு பாய்மரம், பக்கத்துக்கு ஒரு பீரங்கி. சுக்கானிலிருந்து பீரங்கிக்கு நாலே எட்டு வைத்தால் போதும். சட்டென்று திரும்பும். நேர் எதிர்க்காற்றில் மூன்று கப்பல்களிலும் இதுதான் வேகமானது. கேலியன் துரத்தினால் காற்றின் திசையைக் காட்ட வானத்தில் ஓடும் வெள்ளைக் கோடுகளைப் பார்த்து, காற்று வரும் திசைக்கே கப்பலைத் திருப்புங்கள். இடைவெளி கூடிக்கொண்டே போகும். பீரங்கிகள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் பின்னால் வருபவரால் சுட முடியாது. சுடுவதற்காகத் திரும்பினால் இன்னும் பின்தங்குவார். ஆனால் இருக்கும் ஒரே பாய்மரத்தைச் சங்கிலிக் குண்டு சாய்த்துவிட்டால் கப்பல் அங்கேயே நிற்கும்.

மூன்று பேருக்குப் பிரிகன்டைன். இரண்டு பாய்மரம், பக்கத்துக்கு இரண்டு பீரங்கி. இரண்டையும் ஒரே நேரத்தில் சுட ஆசை வரும். அப்போது கீழே ஓட்டையை அடைக்கவும் தண்ணீரை இறைக்கவும் பலகையும் வாளியுமாக நிற்க ஆள் இருக்காது. ஒருவர் சுக்கான், ஒருவர் பீரங்கி, ஒருவர் கீழே என்பதுதான் நிலைக்கும்.

கேலியன் நாலு பேருக்கானது. மூன்று பாய்மரம், பக்கத்துக்கு நாலு பீரங்கி. பின்காற்று கிடைத்தால் மற்ற இரண்டாலும் பிடிக்க முடியாது. ஆனால் பாய்களை முழுக்க இறக்கினால் சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. வரைபடமோ நடுத்தளத்தில் இருக்கிறது. முன்முனையில் ஒருவர் நின்று குரல் கொடுக்காவிட்டால் பாறைதான். சண்டை நடுவே நங்கூரம் போடவே கூடாது. ஒற்றை ஆளாக அதைச் சுற்றித் தூக்குவதற்குள் எதிரி சுற்றிச்சுற்றி வந்து துளைத்துவிடுவார். வேகத்தைக் குறைக்கப் பாயைப் பாதி உயர்த்தினால் போதும், திருப்பமும் சுருங்கும்.

கேலியன்கள் மூழ்குவது பெரும்பாலும் நாலு பேரும் பீரங்கியில் நிற்பதால்தான். ஏற்கெனவே விழுந்த ஓட்டையில் இன்னொரு குண்டு பட்டால் ஓட்டை பெரிதாகும், தண்ணீரும் வேகமாக ஏறும். அதனால் கீழ்த்தளத்தில் பெரிய ஓட்டையை முதலில் அடைத்துவிடுங்கள், பிறகு வாளியை எடுங்கள். நடுத்தள ஓட்டைகள் காத்திருக்கும். கப்பல் அந்த மட்டத்துக்கு அமிழும்வரை அவற்றில் தண்ணீர் வராது.

நாலு பேரில் ஒருவர் வரவில்லையா, அன்றைக்குப் பிரிகன்டைன் எடுங்கள். மூன்று பேரோடு கேலியன் ஓட்டினால் முதலில் ஆளில்லாமல் போவது கீழ்த்தளம்தான்.